விழ மறுத்த லிப்ட்

ஆள் விழுந்து செத்த இடத்தைக் காட்டுங்கள் என்றால், டீயா காபியா என்று கேட்கிற ஆளை நான் நம்புவதில்லை. அந்த லிப்ட் கம்பெனியின் மேனேஜர் அப்படித்தான் கேட்டார்.

"ரெண்டும் வேண்டாம். மொதல்ல இடத்தைக் காட்டுங்க" என்றேன்.

"மாமாவுக்குத்தான் வேண்டாம். எனக்கு டீ" என்றாள் மருமகள்.

என் மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள். நான் துப்பறியப் போகும் இடத்துக்கெல்லாம் வண்டி ஓட்டுவாள், ஃபோன் பேசுவாள், என் மூஞ்சியைப் பார்த்து மிரளுகிறவர்களைச் சிரிக்கவைத்து வாயைப் பிடுங்குவாள். அவள் வாயை மூட நானும் முயன்று பார்த்துவிட்டேன். என் மகனாலேயே முடியவில்லை.

மேனேஜர் எங்களைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப் போனார். செய்து முடித்த லிப்டை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே கட்டிய உயரமான கோபுரம். உச்சி மாடியில் லிப்டின் இரும்புக் கதவு. அதன் குறுக்கே இப்போது ஒரு பலகையையும் சங்கிலியையும் போட்டிருந்தார்கள். கதவைக் கொஞ்சம் விலக்கச் சொல்லி எட்டிப் பார்த்தேன். கீழே கும்மிருட்டு. கிரீஸ் வாடை. உள்ளிருந்து குளிர்ந்த காற்று மேலேறி வந்து முகத்தில் பட்டது. யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

"கதவு திறந்திருந்ததைக் கவனிக்காம காலை வச்சுட்டார். போலீஸும் விபத்துன்னுதான் எழுதிட்டாங்க" என்றார் மேனேஜர்.

"லிப்ட் கம்பெனியில வேலை பாக்கறவரு, லிப்ட் வந்திருக்கான்னு பாக்காமலா காலை வச்சாரு?"

"அதான் எங்களுக்கும் புரியலை."

செத்தவர் இங்கே லிப்டுகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சோதிக்கும் இன்ஜினியர். எதையும் ஒரு முறை பார்த்து ஒத்துக்கொள்ளாத மனுஷர். "இன்னொரு தரம் ஓட்டு, இன்னொரு தரம் ஓட்டு" என்று சொல்லிச் சொல்லியே கம்பெனியில் ‘இன்னொருதரம்’ என்று பேர் வாங்கியிருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எங்களுக்குள் ஒத்துப்போயிருக்கும்.

என்னைத் தேடி வந்தது அவர் மனைவி. ஆஸ்பத்திரி நர்ஸ். செத்த அன்று காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவளிடம் சொல்லியிருக்கிறார்: "உங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற புது லிப்ட்ல நீ ஏறாத. யாரையும் ஏத்தாத. நான் சொல்ற வரைக்கும் பொறு." சொல்வதற்கு அவர் வீடு திரும்பவில்லை.

அந்த லிப்டை இன்று சாயங்காலம் திறக்கிறார்கள். நடக்க முடியாத நோயாளிகளைக் கட்டிலோடு ஏற்றி இறக்குவதற்காகப் போட்ட லிப்ட். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி.

"எங்க வீட்டுக்காரர் பயந்து நான் பார்த்ததில்லை சார். அன்னைக்குப் பயந்தார்" என்று சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அழாததால்தான் வந்தேன்.

"அந்த ஆஸ்பத்திரி லிப்டோட பெட்டியை அவர் சோதிச்சாரா?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"ஆரம்பிச்சார். முடிக்கிறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. அப்புறம் வேற ஆளை வச்சு முழுசா சோதிச்சாச்சு. பாஸ். சந்தேகம்னா நீங்களே கண்ணால பாருங்க. அதுக்குத்தானே வரச் சொன்னேன்."

தானாகக் கூப்பிட்டுக் காட்டுகிறவனை நான் இன்னும் கொஞ்சம் குறைவாகவே நம்புவேன்.

சோதனைக் கூடத்துக்குப் பெட்டிகளின் பாகங்களைக் கோத்துப் பூட்டும் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். நீள மேஜைகளில் வரிசையாக ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடைசி மேஜையில் ஒரு பெண் செங்கல் பருமனில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு பட்டனை அமுக்கினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். அடுத்த பெட்டி. மறுபடி ‘டக்’.

"எதுக்குக்கா நாக்கைத் தட்டற மாதிரி சத்தம் போடுது?" என்றாள் மருமகள்.

"பிரேக்கைப் பிடின்னு பெட்டி சொல்லும்போது உள்ள இருக்கற ரிலே சுவிட்ச் விழற சத்தம். சத்தம் வரலைன்னா ஒதுக்கி வச்சிருவேன்."

"எங்க வீட்டுக்காரர்கூட அப்படித்தான். சத்தம் வரலைன்னா ஏதோ தப்பு பண்ணியிருக்கார்னு அர்த்தம்."

அந்தப் பெண் சிரித்தாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சோதனைக் கூடத்தில் லிப்டும் இல்லை, கயிறும் இல்லை. பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் மட்டும் காற்றாடிகள் இரைய நின்றுகொண்டிருந்தது. பக்கத்து மேஜையில், ஹாலில் பார்த்த அதே மாதிரி ஒரு பெட்டி. ஆஸ்பத்திரி லிப்டில் மாட்டியதற்கு நகலாம். பெட்டிக்கும் பீரோவுக்கும் நடுவே கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கேபிள். எதிரே ஒரு திரை. திரையின் முன்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன், கையில் அச்சடித்த தாள் கட்டோடு எழுந்து நின்றான். தாள்களின் ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இவர்தான் இப்ப சோதனை பண்றவர். பிரேக் புரோகிராம் எழுதற பிரிவுல இருந்து வந்தார். செத்தவரோட நாற்காலியில உக்கார யாருமே வரலை. இவர் தானா முன்வந்தார். இந்த சாஃப்ட்வேர் இவருக்குப் புதுசு" என்றார் மேனேஜர்.

"கத்துக்குட்டி சார். இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க" என்று அவனே சொல்லிச் சிரித்தான். பணிவான சிரிப்பு. தாள் கட்டின் மேல் பக்கத்தில் ‘தொடங்குவது எப்படி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இந்த பீரோ என்ன பண்ணுது?" என்றேன்.

மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பொய் சொல்லுது சார். இந்தப் பெட்டிகிட்ட, ‘நான்தான் லிப்ட், இப்ப இறங்கிட்டிருக்கேன், உள்ள ஆள் நிறைய இருக்காங்க’ன்னு சொல்லும். பெட்டி அதை நம்பி, ‘மோட்டாரைக் குறை, பிரேக்கைப் பிடி’ன்னு உத்தரவு போடும். பீரோவுக்குள்ள இருக்கற பொய் லிப்ட் அந்த உத்தரவுப்படி நடக்கும். நிஜ லிப்ட்ல ஆளை ஏத்திக்கிட்டு கரண்ட்டை வெட்டிப் பார்க்க முடியுமா? இதுல பார்க்கலாம். ஆனா எல்லாம் அந்தந்த நொடியில நடக்கணும். பீரோ துளி தாமதமா பதில் சொன்னாக்கூட சோதனை செல்லாது."

"பொய் சொல்றதுல தாமதம் கூடாதுங்கறீங்க."

"கத்துக்கோங்க மாமா. நீங்க அத்தைகிட்ட சொல்ற பொய்யெல்லாம் அரை மணி நேரம் லேட்டாத்தான் வருது" என்றாள் மருமகள்.

கத்துக்குட்டி இதற்கும் சிரித்தான். எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவனிடம் எனக்கு ஒரு ஜாக்கிரதை உண்டு.

"ஓட்டுங்க" என்றார் மேனேஜர்.

திரையில் ஒரு நீண்ட குழாய்ப் படம். அதில் ஒரு சதுரம் இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் லிப்டாம். ஓரத்தில் ‘முழுச் சுமை’ என்று எழுதியிருந்தது. கத்துக்குட்டி ஒரு விசையைத் தட்டினான். கரண்ட் போய்விட்டது என்று சிவப்பு எழுத்து வந்தது. சதுரம் ஒரு விரல்கடை வழுக்கி, அப்படியே நின்றது. திரை முழுக்கப் பச்சை.

"பார்த்தீங்களா? உள்ள இருக்கற நோயாளிக்குக் குலுக்கல்கூடத் தெரியாது" என்றார் மேனேஜர்.

நான் திரையைப் பார்த்ததைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தரம்" என்றேன்.

மேனேஜரின் முகம் சட்டென்று சுருங்கியது. செத்தவரின் குரல் அந்த அறைக்குள் வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கத்துக்குட்டி மறுபடி ஓட்டினான்.

நான் எழுந்து போய் மேஜைமேல் இருந்த பெட்டியில் காதை வைத்தேன். திரையில் சதுரம் நின்றது என்று மருமகள் சொன்னாள். பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"டக் வரலையே" என்றேன்.

"பீரோ சத்தத்துல கேக்காது சார்" என்றான் கத்துக்குட்டி.

மருமகள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "மாமா, வேலை செய்யற எதுவும் இவ்வளவு சில்லுன்னு இருக்காது. உங்க மகனைத் தவிர."

"இது சூடாகாத வகை மேடம்."

"லிப்டை இந்தப் பெட்டிதானே நிறுத்துது?" என்றேன்.

"ஆமா சார்."

"மறுபடி ஓட்டு தம்பி."

அவன் ஓட்டினான். சதுரம் இறங்க ஆரம்பித்தது. நான் மேஜைக்குப் பின்னால் குனிந்தேன். அங்கிருந்து எனக்குத் திரை தெரியாது. மூன்று பேரின் முகம்தான் தெரிந்தது. கரண்ட்டை வெட்டும் விசையை அவன் தட்டுவதற்கு முன்பே கேபிளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்தது.

"சார்! என்ன பண்றீங்க!" என்று மேனேஜர் கத்திக்கொண்டே திரைப்பக்கம் பாய்ந்தார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்தாள். கத்துக்குட்டி என் கையைப் பார்த்தான்.

"விசையைத் தட்டு" என்றேன்.

தட்டினான். பிறகு மருமகள் கேட்டாள்.

"மாமா... பெட்டியோட கேபிள் உங்க கையில இருக்கு. அங்க லிப்ட் நின்னுடுச்சு. பச்சை வேற காட்டுது. அதை நிறுத்தினது யாரு?"

கேபிளின் முனையை மேஜைமேல் வைத்தேன். மேனேஜர் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னத்துச் சதை ஆடியது. அதை யாராலும் நடிக்க முடியாது. மனுஷருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுவரை அவர்மேல் வைத்திருந்த சந்தேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுவதும் இல்லை.

"என்னய்யா இது?" என்று அவர் கத்துக்குட்டியைப் பிடித்து உலுக்கினார்.

அவன் தாள் கட்டைப் பரபரவென்று புரட்டினான். "சார்... மன்னிச்சிருங்க சார். மொதல் பாடத்துலயே நின்னுட்டேன் போலிருக்கு. மொதல் பாடத்துல லிப்டும் பொய், பெட்டியும் பொய். ரெண்டும் கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும். பழகறதுக்காக. ரெண்டாவது பாடத்துலதான் பொய்ப் பெட்டியை எடுத்துட்டு வெளியில இருக்கற நிஜப் பெட்டியை மாட்டணும். நான் கேபிளை மாட்டினேன். உள்ள பட்டியல்ல மாத்த மறந்துட்டேன். புதுசு சார். எனக்குப் புதுசு..."

அழுதுவிட்டான்.

"அதாவது, இத்தனை நாளா அந்த பீரோ தனக்குத்தானே பேசிக்கிட்டிருந்திருக்கு" என்றாள் மருமகள். "தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே நூத்துக்கு நூறு போட்டுக்கிச்சு. இந்தப் பெட்டி மேஜைமேல பூச்சாடி."

"மாத்துங்க. இப்பவே நிஜப் பெட்டியை வச்சு ஓட்டுங்க" என்றேன். கத்துக்குட்டி நாற்காலியை நோக்கி நகர்ந்தான். "நீ இல்ல தம்பி. அவர் ஓட்டட்டும்."

மேனேஜர் உட்கார்ந்தார். அவர் மவுஸைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, விரலை வரியின் மேல் வைத்து, வாய்விட்டுப் படித்துப் படித்துச் செய்தார். பிரேக் உத்தரவு எங்கிருந்து வர வேண்டும் என்ற இடத்தில் ‘உள்ளே’ என்றிருந்ததை ‘வெளியே’ என்று மாற்றினார். கேபிளைத் திரும்ப மாட்டினேன். எல்லாவற்றையும் மறுபடி பீரோவுக்குள் ஏற்ற வேண்டுமாம். திரையில் ஒரு நீலப் பட்டை எறும்பு ஊருகிற மாதிரி ஊர்ந்தது. ஆஸ்பத்திரியில் இந்நேரம் ரிப்பன் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் உட்காரவில்லை.

பட்டை நிறைந்தது. சதுரம் இறங்க ஆரம்பித்தது. முழுச் சுமை. மேனேஜர் விசையைத் தட்டினார்.

சதுரம் நிற்கவில்லை.

இறங்கிய வேகம் கூடிக்கொண்டே போனது. மாடி மாடியாகத் தாண்டியது. பெட்டி என்னவோ யோசித்துக்கொண்டிருந்தது. சதுரம் குழாயின் அடியில் போய்ப் படிந்து, திரை சிவப்பாகி, எல்லாம் முடிந்த பிறகு மேஜைமேல் அந்தச் சத்தம் வந்தது.

‘டக்.’

அந்தச் சதுரத்துக்குள் ஒரு கட்டிலும், கட்டிலில் ஒரு ஆளும், தள்ளிக்கொண்டு வந்தவளும் எனக்குத் தெரிந்தார்கள்.

மேனேஜர் ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரி ஆபீஸைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். யாரோ எடுத்து, எல்லாரும் திறப்பு நிகழ்ச்சியில் இருக்கிறார்கள், அப்புறம் பேசுங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

மருமகள் அதற்குள் நர்ஸைப் பிடித்துவிட்டாள். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் கைதட்டல் கேட்டது.

"அக்கா, லிப்ட்ல யாரும் ஏறக்கூடாது. நிறுத்துங்க!"

"ஏறிட்டாங்களேம்மா. பெரிய டாக்டர், அவங்க வீட்டம்மா, வந்தவங்க எல்லாரும். இடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. மேல போய் ஒரு சுத்து சுத்திட்டு இறங்கப் போறாங்களாம்."

"வேண்டாம்னு சொல்லுங்கக்கா!"

"நான் சொன்னா யாரும்மா கேப்பாங்க? புருஷன் போன துக்கத்துல உளர்றாள்னு ஓரமா உக்கார வச்சிருவாங்க."

நான் ஃபோனுக்குப் பக்கத்தில் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வழி விடுங்க, வழி விடுங்க என்று அவள் குரல். இரும்பும் இரும்பும் மோதிய ஓசை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அக்கா? அக்கா!"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு ஃபோனுக்கு வந்தாள். "ஸ்ட்ரெச்சரைக் கொண்டுபோய்க் கதவுக்கு நடுவுல சொருகிட்டேன். சக்கரத்துக்கு லாக் போட்டாச்சு. மேலயே ஏறி உக்காந்துட்டேன். எவன் வந்து இறக்கறான்னு பார்க்கறேன்."

"இறங்காதீங்கக்கா."

"பெரிய டாக்டர் திட்டறார்."

"திட்டட்டும்மா. உயிரோட இருந்து திட்டட்டும்" என்றேன். மேனேஜர் ஃபோனைப் பிடுங்கி, டாக்டரிடம் கொடு என்று கெஞ்சினார். குரல் உடைந்து என்னென்னவோ சொன்னார். அந்தப் பக்கம் கூச்சல் மெல்ல அடங்கியது. ஒவ்வொருவராக ஸ்ட்ரெச்சரைத் தாண்டி வெளியே வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

கடைசியில் ஃபோன் அவளிடம் திரும்பியது.

"சார், எங்க வீட்டுக்காரர் சொன்னது நெஜமா?"

"நெஜம்தாம்மா."

"சரி சார். நான் இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

மேனேஜர் நாற்காலியில் சரிந்து முகத்தைத் துடைத்தார். கத்துக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"எங்க தம்பி?"

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் சார். தலை சுத்துது."

"மருமகளே, தம்பிக்குத் தண்ணி."

"என்கிட்ட ஆறிப்போன டீதான் இருக்கு மாமா" என்று அவள் போய்க் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"விடுங்க சார்" என்றார் மேனேஜர் சோர்ந்துபோய். "தெரியாம பண்ணிட்டான். புதுசா இந்த சாஃப்ட்வேரைத் தொடறவன் எவனும் பண்ணக்கூடிய தப்பு. இவனைத் தனியா விட்டது என் தப்பு."

"தப்பு பண்ணினவனா இருந்தா நானும் விட்டுடுவேன்" என்றேன். "தம்பி, இப்படி வா. உள்ள மாத்த மறந்துட்டேன்னு சொன்ன, இல்லையா?"

"ஆமா சார்."

"அப்படின்னா இந்தப் பெட்டி வேலை செய்யறதா நீ நம்பிக்கிட்டு இருந்த."

"ஆமா சார்."

"லிப்டைப் பிடிச்சு நிறுத்தறது இதுதான்னு நம்பின."

"ஆமா."

"நான் கேபிளைப் பிடுங்கினேன். அப்ப நீ என்ன நினைச்சிருக்கணும்? லிப்ட் விழப்போகுதுன்னு நினைச்சிருக்கணும். இதோ, உங்க மேனேஜர் நினைச்சார். கத்திக்கிட்டு திரைக்கு ஓடினார். இவளுக்கு லிப்டைப் பத்தி ஒரு எழவும் தெரியாது, இவளும் திரையைத்தான் பார்த்தா. நீ திரையைப் பார்க்கவே இல்ல. என் கையைப் பார்த்த. விழாதுன்னு தெரிஞ்சவனுக்கு அங்க பார்க்க என்ன இருக்கு?"

அவன் மேனேஜர் பக்கத்தில் கிடந்த தாள் கட்டை எடுத்துக்கொண்டான்.

"தெரியாம தப்பு பண்ணினவன் திடுக்கிட்டிருப்பான். நீ என் கை எங்க போகுதுன்னு கணக்குப் பார்த்துக்கிட்டு நின்ன. அழுகை எல்லாம் அப்புறம்தான் வந்தது."

மேனேஜரைப் பார்த்தேன். "இந்தப் பெட்டிக்குள்ள ஓடற பிரேக் புரோகிராமை எழுதினது யாரு?"

மேனேஜர் தலையை மெதுவாகத் திருப்பி அவனைப் பார்த்தார்.

கத்துக்குட்டியின் முகத்திலிருந்து அந்தப் பணிவு கழன்று விழுந்தது. அழுத கண் காய்ந்துபோயிருந்தது. தாள் கட்டை மேஜைமேல் வைத்து ஓரங்களை ஒழுங்குபடுத்தினான்.

"பிரேக் பிடிக்கும்போது குலுங்கக்கூடாதுன்னு கேட்டாங்க" என்றான். குரலே வேறாக இருந்தது. "மோட்டார் அடங்கற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துப் பிடிக்கிற மாதிரி எழுதினேன். எல்லாரும் பாராட்டினாங்க. லிப்ட் நின்னதே தெரியலைன்னாங்க. ஆள் நிறைஞ்சிருக்கும்போது கரண்ட் போனா அந்தக் கொஞ்சம் அதிகம்னு எனக்கே தெரியாது. ‘இன்னொருதரம்’ சார்தான் கண்டுபிடிச்சார்."

"சொன்னாரா?"

"என்கிட்டதான் மொதல்ல வந்து சொன்னார். அவமானம் வேண்டாம், நீயே மேனேஜர்கிட்ட சொல்லிடுன்னார். நல்ல மனுஷன்."

"அதுக்குத்தான் தள்ளிவிட்டியா?" என்றாள் மருமகள்.

"நான் தொடவே இல்லை. கோபுரத்துல வச்சுப் பேசினோம். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டே பின்னால நடப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். பின்னால கதவு திறந்திருந்தது. நான் சொல்லலை. அவ்வளவுதான்."

"கதவைத் திறந்து வச்சது யாரு?"

அவன் தாள் கட்டின் ஓரத்தை மறுபடி தட்டிச் சரிசெய்தான். பீரோவின் காற்றாடிகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன.

மேனேஜர் எழுந்தார். "ஒரு பெட்டி சரியில்லைன்னா எடுத்துட்டு வேற மாட்டப் போறோம். அதுக்குப் போய் ஒரு உயிரையா... ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரு லிப்ட். அவ்வளவுதானே?"

கத்துக்குட்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

"இந்த ஒண்ணை மட்டும் நிறுத்தறதா இருந்தா நானே சொல்லியிருப்பேன் சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் ஏன் இந்த நாற்காலிக்குத் தானாக வந்தான், ஒரே ஒரு பெட்டிக்காக ஏன் இவ்வளவு தூரம் போனான் என்பதெல்லாம். "பாராட்டினாங்கன்னு சொன்னியே, எப்போ?" என்றேன்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னால."

"அதே புரோகிராம் வேற எங்கெல்லாம் ஓடுது?"

அவன் ஜன்னலுக்குப் போனான். திரைச்சீலையை ஒதுக்கினான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க உயரமான கட்டடங்கள். ஆபீஸ் விடும் நேரம். தெருவோரம் முழுக்க ஆட்கள் வெளியே வந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். மேல் மாடிகளில் இன்னும் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு மாடியிலும் இறங்குவதற்கு ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அவன் விரலை நீட்டினான். எதிரே இருந்த வெள்ளைக் கட்டடம். அதற்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் கட்டடம். அதற்கும் பின்னால் இருந்த குடியிருப்பு, அதன் இரண்டு பக்கமும் இருந்தவை. அவசரமே இல்லாமல், தான் கட்டிய வீடுகளைக் காட்டுகிற மாதிரி காட்டினான். மேனேஜர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஃபோன் நம்பரைத் தேடித் தேடித் தடுமாறினார். மருமகள் ஒன்றும் பேசாமல் தன் ஃபோனில் பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

ஜன்னலின் கடைசி ஓரம் வரைக்கும் வந்ததும் அவன் விரலை இறக்கினான். முடிந்தது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன்.

அவன் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தான்.